கழற்றாத பூட்ஸ்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் முதுகுவலி தேவலையா? முதுகுவலிக்காரன் தேடித் தேடி மரம் அறுக்கிற மில்லில் போய்ச் சேர்ந்திருக்கிறாயே, உன் புத்தியை என்னவென்று சொல்வது! மலையேறிப் போன இரண்டு பேரில் ஒருத்தருக்கு இங்கே மாலையும் மேடையும். இன்னொருத்தன் காட்டில் மரத்தூள் தின்றுகொண்டிருக்கிறான். ஒரு நடை வந்துவிட்டுப் போனால் என்னவாம்?

போன வாரம் முச்சந்தியில் உன் மாப்பிள்ளைக்குச் சிலை திறந்தார்கள். மூக்கு அவர் மூக்கே இல்லை. ஆனால் வெறுங்காலோடு நிற்கிற மாதிரி செய்து, கால்விரல் ஒவ்வொன்றையும் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். தலைவர் பேசி முடிக்கும்வரை இவர் சிலையின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் இரண்டு பேரும் போய் விருந்தாளியைக் கொன்ற கதை பள்ளிக்கூடப் பாடமாகிவிட்டது. சில்வண்டு வீடு அதிர ஒப்பிக்கிறாள். ஏழு வயதுப் பெண்ணுக்கு இத்தனை பெரிய தொண்டை எங்கிருந்து வந்ததோ. "குகையிலிருந்து வருவான் விருந்தாளி. யார் முகமும் எடுப்பான், குரலும் எடுப்பான், நினைவும் எடுப்பான். பாதம் மட்டும் அவனுக்கு வராது. விரல் பிரியாது, நகம் முளைக்காது, ரேகை ஓடாது. முதல் மழை வரைக்கும் நல்லவனாக இருப்பான். மழை விழுந்தால் பசி விழிக்கும். அந்த வீட்டில் அப்புறம் விளக்கு எரியாது." அவள் ஒப்பிக்க ஆரம்பித்தால் இவர் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

மற்ற நேரமெல்லாம் என் செருப்புக்கடையில்தான் இருக்கிறார். வருகிறவர்கள் காலை அட்டையில் வைப்பார்கள், நான் சுற்றிப் பென்சிலால் வரைவேன், உனக்குத் தெரியாததா. அதற்கு முன்னால் இவர் குனிந்து அவர்கள் பாதத்தை ஒரு பார்வை பார்த்தாக வேண்டும். "என்னம்மா, வீரர் கால் ஜோசியம் கத்துக்கிட்டாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

சிரிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஊர்க்காலையெல்லாம் பார்க்கிறவர் தன் காலைக் காட்டுவதில்லை. போகும்போது நான் தைத்துக் கொடுத்த பூட்ஸை வந்ததிலிருந்து கழற்றவில்லை. தூங்குவதும் அதோடுதான். குளிக்கிறபோது விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போகிறார், பூட்ஸோடு வெளியே வருகிறார். அடித்தோல் பிய்ந்து தொங்குகிறது. செருப்பு தைக்கிறவள் புருஷன் கிழிந்த பூட்ஸோடு திரிகிறான் என்றால் என் தொழிலுக்கே கேவலம். காலில் ஏதாவது அடியா, அண்ணா? கூடவே இருந்தவன் நீ. எனக்குச் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கச்சி


பிப்ரவரி 25

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் நலம். முதுகு தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். சில்வண்டின் தொண்டைக்குக் காரணம் அவள் அம்மா.

பூட்ஸைப் பற்றி மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மலையில் அவ்வளவு குளிர். கழற்றினால் மறுபடி மாட்ட முடியாமல் கால் வீங்கிப்போகும் என்று நாங்கள் பூட்ஸோடுதான் படுப்போம். பழகிப்போயிருக்கும். கழற்றச் சொல்லி நச்சரிக்காதே.

மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாரா? பேச்சு முன்னே மாதிரி இருக்கிறதா? பழைய விஷயம் ஏதாவது பேச்சுவாக்கில் கேட்டால் சரியாகச் சொல்கிறாரா? சும்மாதான் கேட்கிறேன். அலுப்பில் மறதி வரும் என்பார்கள்.

அவர் களைத்திருப்பார். சில்வண்டை அவரோடு தனியாக விட்டு அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம். நீயும் கூட இரு.

இங்கே அறுவை மும்முரம். இப்போதைக்கு வர முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். சாப்பிடுகிறார், முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. பேச்சு குறைந்துவிட்டது. மறதியா? நல்லா கேட்டாய் போ. எனக்கு மறந்ததெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. சில்வண்டுக்கு முதல் செருப்பு தைத்தபோது நூல் தீர்ந்துபோய், ஒரு காலுக்குப் பச்சையும் ஒரு காலுக்கு நீலமும் போட்டேனாம். பழைய பெட்டியைத் திறந்து பார்த்தேன், உண்மைதான். அந்த நாளில் என் பிறந்தநாளையே மறக்கிற மனுஷன் அவர். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஏனோ படவில்லை.

குழந்தையை அவரோடு தனியாக விடாதே என்று எழுதியிருக்கிறாய். அவரைத் தொந்தரவு பண்ணுவாள் என்றா? தினமும் அவளுக்குத் தலை வாரிவிடுவதே அவர்தான். அந்த வரியைப் பல தடவை படித்துவிட்டேன்.

போன திங்கள் நடந்ததைக் கேள். தபால்காரர் கணுக்கால் சுளுக்கி, பாதம் முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். இவர் வாசலில் குறுக்கே நின்றுவிட்டார். கையில் என் தோல் வெட்டுகிற கத்தி. "கட்டைப் பிரிங்க" என்றார். "டாக்டர் பிரிக்கக் கூடாதுன்னாருங்க" என்றார் தபால்காரர். "பிரிங்க" என்று இவர் மறுபடி சொன்னார். பாவம், அந்த மனுஷர் நின்றபடியே கட்டை அவிழ்த்தார். வீங்கிப்போன பாதம், ஐந்து விரல். பார்த்ததும் இவர் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு தன் கையாலேயே கட்டைச் சுற்றிவிட்டு, கைத்தாங்கலாக அவரை வீடு வரை கொண்டுபோய் விட்டார்.

தபால்காரர் பெரிய மனது பண்ணி ஒன்றும் சொல்லவில்லை. நம் தபாலை மட்டும் இப்போது வாசலிலிருந்தே விட்டெறிந்துவிட்டுப் போகிறார்.

சீக்கிரம் பதில் போடு. இந்த முறை நான் கேட்டதற்குப் பதில் போடு.

உன் தங்கச்சி


ஏப்ரல் 17

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, மில்லில் ஒரு இயந்திரம் பழுது.

கடைக் கத்திகளையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை உன்னிடம் வைத்துக்கொள். நீயும் சில்வண்டும் உள் அறையில் படுங்கள். அந்தக் கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? இல்லையென்றால் தச்சரை வைத்துப் போட்டுவிடு. பூட்ஸைக் கழற்றி நீ ஒரு தடவையாவது பார்த்தாயா?

உங்கள் ஊரில் இந்த வருஷம் மழை எப்போது என்று சொல்கிறார்கள்?

அண்ணன்


ஏப்ரல் 25

அண்ணாவுக்கு,

சுகம். தாழ்ப்பாளும் போட்டாயிற்று. அவரே போட்டார். உன் கடிதத்தை நான் காட்டவில்லை. "உள் அறைக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும்" என்றுதான் சொன்னேன். எதற்கு என்று கேட்கவே இல்லை. துளை போட்டு, திருகாணி முடுக்கி, "உள்பக்கமாப் போட்டிருக்கேன், இழுத்துப் பாரு, கெட்டியா இருக்கா?" என்றார். அண்ணா, எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சில்வண்டு சும்மா இருக்கிறவளா? "எல்லார் காலையும் பாக்குறியேப்பா, உன் காலைக் காட்டு" என்றாள். இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து கொல்லைப்பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"உனக்குச் சொல்லணும்னுதான் தினம் நினைக்கிறேன்" என்றார். "அந்தக் குகையில நான் ரெண்டு பேரா நின்னேன். உங்கண்ணன் ஒருத்தனைக் குத்தினாரு. மிச்சம் இருக்கிறவன் நான். அது நான்தானான்னு எனக்கே தெரியல."

"காலைப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது" என்றேன்.

"தெரிஞ்சா அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாதே" என்றார். காலில் உணர்ச்சியும் இல்லையாம். மலையிலேயே மரத்துப்போய்விட்டதாம். உள்ளே இருப்பது என்ன என்று அசைத்துப் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லையாம்.

மழையைப் பற்றி எதற்குக் கேட்டாய் என்று இப்போது புரிகிறது. ஜூன் முதல் வாரம் என்கிறார்கள். நீ சொல்லாமல் வைத்திருக்கிறதைச் சொல்லிவிடு. ஒன்றையும் மழுப்பாதே.

தங்கச்சி


மே 9

அம்மாடி,

நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். அதற்குமேல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

குகைக்குள் போகும்போது விளக்கு மாப்பிள்ளை கையில், கத்தி என் கையில். அதைக் கொல்வதற்கு அந்த ஒரு கத்திதான் ஆகும் என்று உனக்குத் தெரியும். தூண்டில் புழு மாதிரி அவர் முன்னால் போனார். அந்தத் தைரியம் எனக்குக் கிடையாது, அவருக்குச் சிலை வைத்தது நியாயம்தான். பாதி வழியில் விளக்கு அணைந்தது. ஏதோ புரளும் சத்தம். நான் தடவிப் பிடித்து விளக்கை ஏற்றினால் இரண்டு மாப்பிள்ளைகள் நிற்கிறார்கள். உடுப்போடு சேர்த்துத்தான் அது ஆளை எடுக்கும். ஒரே தாடி, ஒரே கிழிசல், முழங்கால் வரை நீ கோத்துவிட்ட அதே வார். இரண்டு பேரும் என்னைப் பார்த்து ஒரே குரலில் சொன்னார்கள். "மச்சான், வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

வாரை அவிழ்த்துப் பார்க்க நேரம் ஏது? கிட்டே நின்றவனைக் குத்தினேன். கிட்டே நின்றான் என்பதைத் தவிர ஒரு காரணமும் இல்லை. குத்து வாங்கினவன் பின்னாலிருந்த பள்ளத்தில் சரிந்தான். அடி தெரியாத பள்ளம். அவன் காலைப் பார்க்கவும் வழியில்லை.

மிச்சம் நின்றவரிடம், பூட்ஸைக் கழற்றுங்கள் என்றேன். "கழட்டுறேன் மச்சான். தப்பா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அதே முகம். கத்தியை உறையில் போட்டேன். இரண்டு பேரும் இறங்கி வந்தோம்.

எடுத்த முகத்தில் இருந்துவிட்டால் அதுவே தன்னை அந்த ஆள் என்று நம்பிவிடுமாம். மலையடிவாரத்தில் சொன்னார்கள். அதனால் அவர் அழுகிறதும் நல்லபடி நடந்துகொள்கிறதும் எனக்குச் சமாதானம் தரவில்லை.

மாதக் கடைசியில் கிளம்புகிறேன். மழைக்கு முன்னால் வந்துவிடுவேன். கத்தி என்னிடம்தான் இருக்கிறது. நீ சில்வண்டைக் கூட்டிக்கொண்டு எங்காவது போயிரு. நான் பார்க்கிறேன். தப்பாக இருந்தால், பாதியில் விட்டதை நானே முடிக்கிறேன்.

அண்ணன்


மே 17

சுகமா என்று கேட்கப்போவதில்லை.

கூடப்பிறந்தவள் வீட்டுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை அனுப்பிவைத்துவிட்டு, நீ போய்க் காட்டில் ஒளிந்துகொண்டாய். நான் அதன் தட்டில் சோறு போட்டிருக்கிறேன். அதன் பக்கத்தில் படுத்திருக்கிறேன். என் குழந்தையின் தலையை அது வாரிவிட்டிருக்கிறது. ஆறு மாதம் அண்ணா! "சும்மாதான் கேட்கிறேன்" என்று எழுதினாயே, உனக்குக் கை கூசவில்லையா?

எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் படிக்கிறேன். அது, அதன் என்று எழுதியிருக்கிறேன். நீ என்னை அப்படி எழுத வைத்துவிட்டாய். முற்றத்தில் அவர் சில்வண்டின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருக்கிறார். கையெல்லாம் கிரீஸ். அவள் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து உத்தரவு போடுகிறாள்.

இப்போதெல்லாம் நான் அவரை வேவு பார்க்கிறேன். தண்ணீர் குடிக்கிறபோது பார்க்கிறேன். தூங்குகிறபோது பார்க்கிறேன். அவருக்கும் அது தெரியும். பார்த்துக்கொள் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்.

நீ வர வேண்டாம். கத்தியோடு நிச்சயம் வர வேண்டாம். அவர் போகிறதற்கு முன்னால் நான் எடுத்த கால் அளவு இன்னும் என் சுவரில், ஆணியில் தொங்குகிறது. பார்க்க வேண்டுமானால் பார்க்கிறவள் நான். என் வீட்டுக்காரர், என் தொழில். நான் எங்கேயும் போகமாட்டேன்.


மே 30

தங்கச்சிக்கு,

நீ திட்டினது கிளம்புகிற நேரத்தில் கைக்கு வந்தது. திட்டினது அத்தனையும் சரி. ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் மாட்டிக்கொண்டேன். மேலே கொட்டுகிற மழையில் ஆறு கரை புரண்டு, பாலத்தை மூடிவிட்டார்கள். ஆற்றோரத்து லாட்ஜில் இருக்கிறேன், விலாசம் பின்னால். தண்ணீர் வடிந்தால்தான் பஸ் விடுவார்களாம். மேகமெல்லாம் உங்கள் பக்கம் நகர்கிறது. ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

உன் காலில் விழுகிறேன், சில்வண்டைக் கூட்டிக்கொண்டு வெளியே போ. நான் வரும்வரை அவர் பூட்ஸைத் தொடாதே. அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. தெரியாமலே வருகிறேன்.

அண்ணன்


ஜூன் 5

அண்ணாவுக்கு,

சுகம். மூன்று பேரும் சுகம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விடு. லாட்ஜில் படுக்கை ஈரமில்லாமல் இருக்கிறதா? உன் முதுகுக்கு ஆகாது.

நேற்றுக் காலையில் இங்கேயும் மேகம் கட்டியது. அவர் கடை வாசலில் நின்று வானத்தையே பார்த்தார். பிறகு உள்ளே வந்து, "என்னை இங்க வெச்சு வெளியில பூட்டிட்டு நீங்க ரெண்டு பேரும் போயிடுங்க" என்றார். முன்பே முடிவு பண்ணிவைத்த மாதிரி நிதானமாகச் சொன்னார். பூட்டைக்கூட எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

சில்வண்டை எதிர்வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். கடைக் கதவை விரியத் திறந்து வைத்தேன். அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.

"உக்காருங்க. அளவு எடுக்கணும்."

"விளையாடாத."

"கடைக்கு வர்ற எல்லாரையும் கேக்கறதுதான். காலை நீட்டுங்க."

உன்னிடம் கேட்டதையே என்னிடமும் கேட்டார். "தப்பா இருந்தா என்ன பண்ணுவ?"

"தப்பா இருந்தா புது அளவுல தைக்கிறேன்" என்றேன். "அதுதானே என் பொழப்பு."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே. பென்சிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். காலை நீட்டினார். நான் கட்டின முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. தோல் கத்தியால் வாரை ஒவ்வொன்றாக அறுத்தேன். கடைசி வாரை அறுக்கும்போது வெளியே தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. அவர் உடம்பு தூக்கிப்போட்டது. நான் எழுந்து ஓடியிருக்கலாம், கதவு திறந்துதான் இருந்தது. பூட்ஸைப் பிடித்து இழுத்தேன்.

கால், அண்ணா. மனுஷக் கால். வெயில் படாமல் வெளுத்து, ஊறி, நாறிக் கிடக்கிறது. ஆனால் நகம் இருக்கிறது, ரேகை இருக்கிறது, குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு இருக்கிறது. இடது காலில் இரண்டு விரலைக் குளிர் தின்றுவிட்டது. வலது சுண்டுவிரல் உள்பக்கம் மடங்கியிருக்கிறது, அச்சாகச் சில்வண்டுக்கு இருக்கிற மாதிரியே. பழைய அட்டையில் வைத்துப் பார்த்தேன். வலது சரியாக உட்கார்ந்தது. இடதுதான் குறைகிறது. புது அளவுதான் எடுக்க வேண்டியிருந்தது.

"கண்ணைத் தொறங்க" என்றேன். திறக்கவில்லை. அவர் கையைப் பிடித்து அவர் விரலின்மேல் வைத்தேன். தடவித் தடவிப் பார்த்தார். "எட்டுதான் இருக்கு" என்றார். "எட்டு இருக்கே, போதாதா?" என்றேன். பிறகு அந்த மனுஷர் அழுத அழுகையை எழுத எனக்குத் தெரியாது. மழை பிடித்துக்கொண்டது. சில்வண்டு சொட்டச் சொட்ட நனைந்து ஓடிவந்து, "ஐயே, என்னப்பா இப்படி நாறுது!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

இதையெல்லாம் நீ நம்பமாட்டாய் என்று தெரியும். தப்பாக இருந்திருந்தாலும் நான் இப்படித்தான் எழுதியிருப்பேன் என்று நினைப்பாய். ஆமாம், இப்படியேதான் எழுதியிருப்பேன். அதனால் பென்சிலால் வரைந்த இரண்டு காலையும் இதோடு வைத்திருக்கிறேன். அதுவும் போதாதென்றால் இன்னொன்று சொல்கிறேன். நேற்றிலிருந்து மழை விடவில்லை. எங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தையும் அது எடுத்துக்கொண்டுவிட்டது என்று யோசிக்க ஆரம்பித்தால், நீ வராமலே இரு.

தங்கச்சி


ஜூன் 11

அம்மாடி,

நலம். இதை முதல் தடவையாகப் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

அட்டையைப் படுக்கையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லாத இரண்டு விரலுக்கும் நீ புள்ளி வைத்திருக்கிறாய். பென்சில் கோடு ஓரிடத்தில் அலைகிறது. உன் கை நடுங்கினதா, அவர் கால் நடுங்கினதா தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். கிட்டே நின்றவனைக் குத்தினது சரியாகப் போய்விட்டது. அப்படிப் போனதற்கு என் சாமர்த்தியம் ஒன்றும் காரணம் இல்லை என்பதும் தெரியும். அன்றைக்கு அவர் இரண்டடி முன்னால் நின்றிருந்தால்? அந்த நினைப்பு மட்டும் போகவில்லை.

கத்தியை லாட்ஜ் சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். வெங்காயம் நன்றாக அறுகிறதாம்.

பாலத்தைத் திறந்துவிட்டார்கள். பஸ் கிளம்புகிறது. எந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுவது என்றுதான் தெரியவில்லை. அவரைக் கொல்லவென்று கிளம்பி வந்தவன் நான். அது அவருக்குத் தெரியுமா? தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாரா? நீ ஒரு வரி எழுதும்வரை இங்கேயே இருக்கிறேன்.

அண்ணன்


ஜூன் 16

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். அவர் காலுக்கு டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். இன்னொரு மாதம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார். வலது காலில் லேசாக உணர்ச்சி வருகிறது. சில்வண்டு இறகை வைத்துக் கூச்சம் காட்டிச் சோதனை பண்ணுகிறாள். கடையில் யார் காலையும் அவர் இப்போது பார்ப்பதில்லை. தபால்காரர் படியேறி வந்து தபாலைக் கையில் கொடுக்கிறார்.

உன் கடிதம் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். ஒன்றுவிடாமல் படித்தார். குகையில் நடந்ததை எழுதின கடிதத்தை இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு எழுந்து போய், சுவரிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தோல் வெட்ட உட்கார்ந்தார். உன் கால் அளவு எடுத்த அட்டைதான். அவருக்கு வெட்டத் தெரியாது, நல்ல தோலைப் பாழ் பண்ணிக்கொண்டிருக்கிறார். நான் தடுக்கவில்லை.

என் கோபம் போகவில்லை. உன்னை நேரில் உட்காரவைத்துத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்காகவாவது வந்து சேர். மற்றபடி, நீ கேட்ட அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. எழுத வேண்டியவர் கீழே எழுதியிருக்கிறார்.

தங்கச்சி

மச்சானுக்கு, பூட்ஸைக் கழட்ட வேண்டாம், அப்படியே உள்ள வாங்க. அன்னைக்கு வாங்கன்னு சொன்னது நான்தான். வீட்டுக்கு வாங்க.